வானொலியில் அந்தப் பெயர்

அக்கலு: வயரைக் குடுங்கம்மா.

ரெகினே: மாட்டேன்.

அக்கலு: விளையாடாதீங்க. மைக் வயரு அது. அது இல்லாம நான் இங்க உக்காந்து சுவத்துக்கா ஐஸ் சேதி வாசிக்கறது, எங்க ஏறலாம் எங்க கூடாதுன்னு?

ரெகினே: வாசி. சுவத்துக்குப் புள்ளை இல்ல. அதுக்கு வலிக்காது.

அக்கலு: எங்க வச்சிருக்கீங்க? கோட்டுக்குள்ளயா?

ரெகினே: கைய நீட்டின, ஒடைச்சுப்புடுவேன். நீயும் என் மவனும் ஒரே கிண்ணத்துல கடல்நாய் சூப்பு குடிச்சு வளந்தவங்கன்னு பாக்கறேன். இல்லன்னா உள்ள வந்தவுடனே இந்தப் பொட்டியையே தூக்கிக் கடல்ல போட்டிருப்பேன்.

அக்கலு: கடல்ல போட முடியாது. ஐஸ் மூடியிருக்கு.

ரெகினே: அதான் நீயே தினமும் சொல்றியே, அது ஐஸே இல்லன்னு! ஏறினா உள்ள போயிடும்னு! அதுக்கு என்ன பேரு சொல்ற? சொல்லு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

அக்கலு: முதல்ல வயரைக் குடுங்க.

ரெகினே: ஏன், வாய் ஒட்டிக்கிச்சா? ரேடியோவுல மட்டும் கூசல. என் முன்னாடி கூசுதோ?

அக்கலு: உங்க முன்னாடி அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன்மா. செத்தவங்க பேரைப் புள்ளை பொறந்து அதுக்கு வைக்கிற வரைக்கும் யாரும் சொல்லக்கூடாது. எனக்குத் தெரியாதா?

ரெகினே: தெரியுமாம்! தெரிஞ்சுக்கிட்டே ஊருக்கெல்லாம் கூவுறான். பாதிரியாரு சொல்றாரு, அதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு ரெகினே, பேரைச் சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு. அவருக்கென்ன? அவரு புள்ளை பட்டணத்துல கார் ஓட்டுது. கிறிஸ்மஸுக்கு முன்னாடி என் புள்ளை ஐஸுக்கடியில போனான். அன்னிலேருந்து அந்தப் பேரு என் நாக்குல ஏறல. பத்திரமா வச்சிருக்கேன். மருமவ மலீனா வயித்துல இருக்கறதுக்குக் குடுக்கணும்னு. வர்ற மாசம் பொறந்துரும். ஆணோ பொண்ணோ, அந்தப் பேரு அதுக்குத்தான். அவன் திரும்பி வர்றதுக்கு வேற வழி இல்ல. அதை எடுத்து நீங்க... அழுகின ஐஸுக்கு வச்சிருக்கீங்க!

அக்கலு: யாரும் வேணும்னு வைக்கலம்மா.

ரெகினே: நேத்து கடையில நிக்கிறேன். மாவு வாங்க வந்தவ தன் பொண்ணைப் பாத்துக் கத்தறா. படகுத்துறைப் பக்கம் போகாதடி, அங்க... அங்க என் மவன் பேரு! ஏதோ பேய் இருக்கற மாதிரி! அந்தக் குட்டி அலறிக்கிட்டு ஓடுது. எனக்கு எப்படி இருக்கும்? நாளைக்கு என் பேரப்புள்ள வாசல்ல விளையாடும். நான் சாப்பிடக் கூப்பிடுவேன். ஊரே வண்டியத் திருப்பிக்கிட்டு ஓடுமா?

அக்கலு: அம்மா, இப்ப ஜன்னல் வழியா பாருங்க. அக்கரையில இன்னிக்குக் கல்யாணக் காப்பி விருந்து. பாதி ஊரு கிளம்புது. யாக்குவா பனிச்சறுக்கு வண்டியில நாய்ங்களப் பூட்டிக்கிட்டு இருக்கான். பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, எல்லாம் ஒரே வண்டியில. குறுக்கு வழி எது? கடல் ஐஸ் மேல, அந்த நிலமுனையைச் சுத்தி. விடியறதுக்கு முன்ன நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். முனைக்கு அந்தாண்ட முழுக்க...

ரெகினே: முழுக்க?

அக்கலு: ...முழுக்க அதுதான்.

ரெகினே: அப்ப சொல்லேன். முனைப் பக்கம் போகாதீங்கன்னு சொல்லு. நான் வேணாங்கறேனா?

அக்கலு: போகாதீங்கன்னா போகாம இருக்கற ஊரா இது? எங்கயாவது ஒரு இடத்தைத் தினமும் போகாதீங்கன்னுதான் சொல்றேன். வேட்டைக்காரன் என்ன பண்றான்? அக்கலுவுக்கு என்ன தெரியும், நானே பாத்துக்கறேன்னு குத்துக்கம்பிய எடுத்துக்கிட்டுப் போறான். மூணு தடவை குத்தித் தாங்குச்சுன்னா ஏறு. அப்பன் சொல்லிக் குடுத்தது. தாத்தன் சொல்லிக் குடுத்தது. இந்த ஐஸ் மூணு குத்தும் தாங்குதும்மா! நாலு எட்டு தள்ளி வாயப் பொளக்குது. மேல பனி மெத்து மெத்துன்னு போத்திக்கிட்டு, அடியில சூட்டுத் தண்ணி தின்னு வச்சிருக்கு. மூச்சு விட்டா மீசை உறையற குளிர்ல!

ரெகினே: எனக்கா சொல்லித் தர்ற? ஐஸுக்கு எங்கப்பா எத்தனை பேரு வச்சிருந்தாரு தெரியுமா? புதுசா கண்ணாடி மாதிரி படியறதுக்கு ஒண்ணு. வசந்தத்துல ஊறிப் போறதுக்கு ஒண்ணு. கறுத்துத் தெரியறதுக்கு ஒண்ணு. மிதிச்சா ரப்பர் மாதிரி வளையறதுக்கு...

அக்கலு: நடுக்குளிர்காலத்துல, வெள்ளையா, கெட்டியா, குத்துக்குத் தாங்கிக்கிட்டு, உள்ளுக்குள்ள கெட்டுப் போனதுக்கு?

ரெகினே: இரு, யோசிக்கறேன்.

அக்கலு: சொல்லுங்கம்மா. இருந்தா சொல்லுங்க. இந்த நிமிஷமே அதை வாசிக்கறேன்.

ரெகினே: அப்ப அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுடா. இல்லாததுக்கு எதுக்குப் பேரு?

அக்கலு: இப்ப இருக்கே.

ரெகினே: இருக்குன்னா? நாமளா கொண்டாந்தோம்? கண்ணுக்குத் தெரியாத ஊர்ல எவனோ புகையா விட்டுக் கடலை அடுப்புல வச்சான். அவன் சுகமா இருக்கான். அவன் செஞ்ச அயோக்கியத்தனத்துக்கு என் புள்ளை பேரா? அவனுங்க பேரை வைங்கடா! வரிசையா எல்லாத்தையும் வைங்க! இன்னிக்கு முனைப் பக்கம் இன்னாரு, நாளைக்குத் தீவுப் பக்கம் இன்னாருன்னு வாசி! நானே வந்து மைக்கப் புடிச்சுக்கறேன்!

அக்கலு: வச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா அவனுங்க பேரைக் கேட்டு எந்த நாய் நிக்கும்?

ரெகினே: நாயா? நாய்க்கும் இதுக்கும் என்ன?

அக்கலு: ...ஒண்ணுமில்ல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ரெகினே: முழுங்கற. சின்ன வயசுலேருந்தே பொய் சொல்றப்ப காதைத் தடவுவ.

அக்கலு: குளிருதும்மா. ஹீட்டரு பாருங்க, இருமுதே தவிர சூடு வரல.

ரெகினே: பட்டணத்துலேருந்து ஒரு வார்த்தை அனுப்புனாங்களே, அதுக்கென்ன கேடு? புதுசு புதுசா வார்த்தை கட்டற அந்தச் சொல் சபைக்காரங்க. அதைச் சொல்லலாமில்ல?

அக்கலு: சொன்னேனே! ஊரு அந்தப் பேரைச் சொல்ல ஆரம்பிச்சப்பறமும் ஒரு வாரம் அதையேதான் சொன்னேன். 'குளிர்பருவக் கீழ்ப்புற அரிப்புக்குட்பட்ட கடலுறைவு.' மூச்சு விடாம சொல்லிப் பாருங்க. கிழவன் ஈசாக் என்ன பண்ணாரு தெரியுமா? நான் அந்த வார்த்தையை ஆரம்பிச்சதும் எந்திரிச்சுக் காப்பி போடப் போயிட்டாரு. ஏதோ கவர்மென்ட் அறிவிப்புன்னு நெனச்சாராம். திரும்பி வந்து வண்டியப் பூட்டிக்கிட்டு நேரா அதுமேலயே ஏறினாரு. பின்னாடி வந்த மச்சான் காலைப் புடிச்சு இழுத்துப் போட்டான். இடுப்பு வரைக்கும் தண்ணி.

ரெகினே: அந்தக் கிழவனுக்குக் காது என்னிக்குக் கேட்டுச்சு?

அக்கலு: மறுநாள் அந்தப் பேரைச் சொன்னேன். கேட்டுச்சு. வாசல் தாண்டல.

ரெகினே: அதே சபைக்காரப் பொண்ணு முந்தாநாள் எனக்கே போன் பண்றா! தேன் ஒழுகப் பேசறா. அம்மா, பருவம் மாறினதால பொறந்த புதுச்சொல்லு எல்லாம் சேக்கறோம், உங்க ஊருச் சொல்லு ரொம்ப அழகா இருக்கு, அகராதியில போடப் போறோம். இது எப்படி உருவாச்சுன்னு கொஞ்சம் சொல்றீங்களான்னு. அழகா இருக்காம்! எப்படி உருவாச்சா? நான் வலிச்சுப் பெத்தேன்டி, அப்படித்தான் உருவாச்சுன்னு வச்சுட்டேன் போனை.

அக்கலு: அதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்...

ரெகினே: நீ வாசிக்கறதாலதானே அவ காது வரைக்கும் போச்சு! அதுவும் ஒரு மட்டு மரியாதை இல்லாம. செவ்வாக்கிழமை என்ன சொன்ன? தீவுக்கும் கரைக்கும் நடுவுல அங்கங்க... அங்கங்க! ஒரு மனுசன் பேரை அங்கங்க கெடக்குன்னு சொல்றதா? தூக்கத்துல பேசறவன் மாதிரி வாசிச்சுட்டு, உடனே மீன் வெலைக்குத் தாவிட்ட.

அக்கலு: ரேடியோவே கேக்கறதில்ல, பேட்டரி போயி ரெண்டு மாசமாச்சுன்னீங்க?

ரெகினே: ...கடையில சொன்னாங்க.

அக்கலு: தூக்கத்துல பேசற மாதிரி வாசிச்சேன்னுகூடக் கடையில சொன்னாங்களா?

ரெகினே: பேச்சை மாத்தாத! முதல்ல எவன் சொன்னான், அதைச் சொல்லு. எவன் வாயிலேருந்து முதல் தடவையா அந்தப் பேரு ஐஸுக்கு வந்துச்சு? யாக்குவாவா? அவன் நாக்கு நீளம்.

அக்கலு: இல்ல.

ரெகினே: ஸ்கூலு வாத்தியாரா? வெளியூர்க்காரன், அவனுக்கு நம்ம வழக்கம் தெரியாது.

அக்கலு: இல்லம்மா.

ரெகினே: அப்ப நீதான்.

அக்கலு: நான்னே வச்சுக்கங்க. திட்டுங்க. அடிங்க. வயரை மட்டும் குடுத்துட்டு அடிங்க. யாக்குவா கடைசி நாயைப் பூட்டறான்.

ரெகினே: காதைத் தடவுற. நீ இல்ல. யாரையோ காப்பாத்துற. ஊரே சேந்து காப்பாத்துது. யாரைக் கேட்டாலும் கூரையப் பாக்கறாங்க. ரெண்டு மாசமா என்னைச் சுத்தி ஒரே ஊமைக் கூத்து... யாரது கதவுல? குளிரு உள்ள வருது, சாத்து!

மலீனா: நான்தான் அத்தை.

ரெகினே: நீ எதுக்குடி இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு மேடேறி வந்த? வழுக்கி விழுந்தா?

மலீனா: ஐஸ் சேதி வரல. எல்லாரு வீட்டுலயும் ரேடியோ வெறும் இரைச்சலா இருக்கு. அக்கலு அண்ணாவுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு ஓடி வந்தேன்.

அக்கலு: எனக்கு ஒண்ணும் ஆகல. உங்கத்தை வயரைப் புடுங்கி வச்சிருக்காங்க.

மலீனா: அத்தை! அங்க வண்டிங்க கிளம்புதுங்க!

ரெகினே: கிளம்பட்டும்! அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன்னு இவன் சத்தியம் பண்ணட்டும், குடுக்கறேன். உனக்காகத்தான்டி சண்டை போடறேன். உன் வயித்துல இருக்கறதுக்காக. நீ ஒரு வார்த்தை கேட்டியா இவனை? உன் புருசன் பேரு தெருவுல உருளுது, நீ வாயத் தொறந்தியா?

மலீனா: தொறந்தேன்.

ரெகினே: என்னன்னு?

அக்கலு: மலீனா, வேணாம். இப்ப வேணாம்.

மலீனா: எப்ப அண்ணா பின்ன? யாராச்சும் செத்தப்பறமா? அத்தை... முதல்ல சொன்னது நான்.

ரெகினே: என்ன சொன்ன?

மலீனா: நான்தான் சொன்னேன். குளிர்கால இருட்டு முடிஞ்சு சூரியன் திரும்பி வந்த அன்னிக்கு. ஊரே மேட்டுல நின்னுச்சு சூரியனைப் பாக்க. நீங்க வரல, சூரியன் வந்தா என்ன வராட்டி என்னன்னு படுத்துட்டீங்க. நான் ஒரு ஓரமா நின்னேன். கீழ பாத்தா இவரு, அக்கலு அண்ணா வண்டி. என் வீட்டுக்காரரோட தப்பிச்ச நாய்ங்கதான் பூட்டியிருக்கு. நேரா முனையைப் பாத்துப் போறாரு. அதே இடம் அத்தை. அவரு போன அதே இடம். இவரும் மூணு தடவை குத்தினாரு, ஏறினாரு.

ரெகினே: அக்கலு... நீயா?

அக்கலு: ...ஆமாம்மா.

ரெகினே: அவன் செத்த எடத்துலயேவா? புத்தி இருக்கா உனக்கு?

அக்கலு: குத்துக்குத் தாங்குச்சும்மா. நான் அதை நம்பினேன். அவனும் அதைத்தான் நம்பினான்.

மலீனா: நான் கத்தணும். என்னன்னு கத்தறது? எந்த வார்த்தையும் வரல. இளம் ஐஸ்னு கத்தினா சிரிப்பாரு. ஊறின ஐஸ்னா, இந்தக் குளிர்லயான்னு கேப்பாரு. எல்லாம் பொய்யாப் போன வார்த்தைங்க. வாயத் தொறந்தேன்... என் வீட்டுக்காரரு பேருதான் வந்துச்சு. உசுரு போற மாதிரி கத்தினேன்.

அக்கலு: காத்தே இல்ல அன்னிக்கு. அந்தச் சத்தம் தண்ணி மாதிரி எறங்கி வந்துச்சு. எனக்குப் புரியறதுக்கு முன்ன நாய்ங்க நின்னுடுச்சும்மா. எல்லாம். ஒரே நேரத்துல. வண்டி பின்னாலேருந்து முட்டுது, அதுங்க நகரல.

ரெகினே: நாய்ங்களா?

மலீனா: தினமும் சாயங்காலம் அவரு வேட்டையிலேருந்து வர்றப்ப நான் கரையில நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவேனே அத்தை. உங்களுக்குத் தெரியாதா? அந்தச் சத்தம் கேட்டா வீடு வந்துருச்சு, நின்னா மீன் கிடைக்கும்னு அதுங்களுக்குப் பழக்கம். அதான் நின்னுச்சு. திரும்பி என்னையே பாத்துச்சு. கறுப்பு நாய் வாலை ஆட்டுச்சு.

அக்கலு: கம்பிய எடுத்து அந்தக் கறுப்பு நாய்க்கு முன்னாடி குத்தினேன். கம்பியே உள்ள போயிடுச்சு.

மலீனா: மேட்டுல நின்ன அத்தனை பேரும் கேட்டாங்க. மறுநாள்லேருந்து ஊருக்கே அதான் வார்த்தை. யாரும் யாருக்கும் சொல்லித் தரல. முதல்ல கத்தினது நான்னு உங்ககிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னு நான்தான் ஒவ்வொரு வீடா ஏறிக் கெஞ்சினேன்.

ரெகினே: நீ... நீ எப்படிடி சொல்லலாம்? பேரைக் காப்பாத்தி வைக்க வேண்டியவ நீ! பாதி வழியில அதைக் காத்துல விட்டுட்டியே! இனி அதை எப்படிப் புள்ளைக்குக் குடுக்கறது?

மலீனா: குடுத்தாச்சு அத்தை.

ரெகினே: என்ன உளர்ற?

மலீனா: அன்னிக்குக் கத்தினேன் பாருங்க... உள்ள ஒரே உதை. அது வரைக்கும் மீன் மாதிரி லேசாத்தான் நெளியும். அன்னிக்கு நாய்ங்க நின்னப்ப, அண்ணா நின்னப்ப, இதுவும் திரும்பிப் படுத்துச்சு. யாரோ கூப்பிட்டாங்கன்னு. நான் கீழயே உக்காந்துட்டேன். பேரு போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு. எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லத்தான் தைரியம் இல்ல.

அக்கலு: அம்மா. யாக்குவா கிளம்பிட்டான். படகுத்துறையைத் தாண்டறான். பின்னாலயே இன்னும் நாலு வண்டி.

ரெகினே: ஆளுக்கொரு ரேடியோ வண்டியில வச்சிருப்பாங்களா?

அக்கலு: வச்சிருக்காங்க. என் சத்தம் வரும்னுதான் இரைச்சலோட வச்சுக்கிட்டுப் போறாங்க. வரலன்னா எல்லாம் நல்லாயிருக்குன்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க. குடுங்கம்மா. எந்த வார்த்தை வேணும்னாலும் சொல்றேன். அந்த நீள வார்த்தையவே சொல்றேன்.

ரெகினே: அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் தண்ணிக்குள்ள இருப்பான். எந்த ஓட்டையில சொருகணும் இதை?

அக்கலு: இடது பக்கம். நான் சொருகறேன்...

ரெகினே: கைய எடு. எந்திரி நாற்காலிய விட்டு.

அக்கலு: அம்மா?

ரெகினே: எந்திரிடா! எதை அமுக்கணும்?

அக்கலு: அந்தக் கறுப்பு. சிவப்பு விளக்கு வந்ததும் பேசுங்க. வாயைக் கிட்ட வச்சு.

ரெகினே: கேக்குதா? ஏய் யாக்குவா, உன்னைத்தான். இங்க ரெகினே பேசறேன். எல்லா வண்டியும் கேளுங்க. கல்யாணக் காப்பி எங்கயும் ஓடிடாது. கடலைக் கெடுத்தவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதைத்தான் முதல்ல வாசிச்சிருப்பேன், காறித் துப்பிட்டு. எனக்குத் தெரிஞ்சது ஒரு பேருதான். அதைச் சொல்றேன். முனைக்கு அந்தாண்ட... முனைக்கு அந்தாண்ட முழுக்க... சாலிக். கேட்டுச்சா? சாலிக். கம்பியெல்லாம் எடுக்காதீங்க, குத்திப் பாக்காதீங்க. என் புள்ளை குத்திப் பாத்துட்டுத்தான் போனான். சாலிக்டா, யாக்குவா. திருப்பு வண்டியை.

மலீனா: அத்தை...

ரெகினே: என்ன ஆச்சு? கண்ணு மறைக்குது எனக்கு, ஜன்னல்ல பாத்துச் சொல்லுங்களேன் யாராச்சும்!

அக்கலு: நின்னுட்டான். நின்னு... இறங்கித் தொப்பியக் கழட்டறான். பின்னாடி வண்டிங்க கரையோர வழிக்குத் திரும்புது. எல்லாம் திரும்புதும்மா. எல்லா வண்டியும்.

மலீனா: அத்தை, கைய இங்க வைங்க. இங்க. பாத்தீங்களா? மூணு தடவை சொன்னீங்க இல்ல, அதுக்குத்தான் இந்த ஆட்டம்.

ரெகினே: வாடா... ராஸ்கல். அப்பன் மாதிரியே முட்டிக்காலால இடிக்கற. அடிப்பேன் பாரு.

அக்கலு: விளக்கை அணைக்கறேன்மா, இதையும் ஊரு கேட்டுக்கிட்டு இருக்கு.

ரெகினே: கேக்கட்டுமே. இது நல்ல சேதிதானே.

அக்கலு: அணைச்சுட்டேன். அம்மா... நாளைக்குக் காலையில நான் என்ன பண்ணட்டும்? சொல்லட்டுமா, வேணாமா?

ரெகினே: சொல்லு. ஆனா தூக்கத்துல பேசற மாதிரி சொல்லாத. நிறுத்தி, மெதுவா, ரெண்டு தடவை சொல்லு. ரெண்டு மாசமா பேட்டரி மாத்தி மாத்தித் தலையணைக்கடியில வச்சுக் கேக்கறேன், நீ ஒரே தடவை சொல்லிட்டு மீன் வெலைக்குப் போயிடற.